சுடுவதற்கு முன் இறங்கப் பழகுங்கள்: செல்போனில் கடற்படை விமானச் சண்டை

கடற்படை விமானச் சண்டை விளையாட்டைப் போனில் ஏற்றியதும் எல்லாரும் முதலில் தேடுவது மிசைல் பொத்தானைத்தான். நாலு எதிரியை வீழ்த்தவும் செய்வார்கள். திரும்பி வரும்போதுதான் சிக்கல் தெரியும். சுற்றிலும் கடல், நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கப்பல், அதுவும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இறங்கத் தெரியாதவருக்கு எரிபொருளும் கிடைக்காது, புது ஏவுகணையும் கிடைக்காது. ஒரு முறை பறந்ததோடு ஆட்டம் முடிந்தது. மற்ற விமான விளையாட்டுகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவதே அந்தக் கப்பல்தான் என்பதால் இங்கே அதிக இடம் இறங்குவதற்கு. சுடுவது பின்னால் வரும்.

போனும் கையும்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் விளையாடுபவருக்கு முதல் தொல்லை வியர்வை. உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். தொடுதிரை விரலை உணர்வதும் மின்சார மாற்றத்தை வைத்துத்தான். அதனால் திரை ஈரமானால் நீங்கள் தொடாத இடத்தையும் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். இறங்கும் நேரத்தில் த்ராட்டில் (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு) தானாகக் குதித்தால் விளையாட்டைத் திட்டுவதற்கு முன் திரையைத் துடைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு பருத்தித் துணி இருக்கட்டும். விரல் நுனியில் துளி டால்கம் பவுடர் போதும். விரலில் மாட்டும் மெல்லிய கேமிங் உறையும் நன்றாக வேலை செய்யும்.

அடுத்தது சூடு. மே மாத மதியத்தில் அரைமணி நேரம் விளையாடினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பிராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடியது 30-க்கு இறங்கும், கை சொன்னதைத் திரை தாமதமாகச் செய்யும். சார்ஜில் போட்டபடி விளையாடாதீர்கள். பின்கவரைக் கழற்றுங்கள். பேன் காற்று போனின் முதுகில் படும்படி உட்காருங்கள். திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைப்பதும் சூட்டைக் கூட்டும், ஆகவே வெயில் விழாத இடமாகப் பாருங்கள்.

கிராஃபிக்ஸ் அமைப்பில் நிழல், தண்ணீரில் தெரியும் பிரதிபலிப்பு, மேகத்தின் நுணுக்கம் மூன்றையும் குறைத்துவிடலாம், ஆட்டத்துக்கு நஷ்டமில்லை. ரெசல்யூஷனையும் தொலைவுக் காட்சியையும் மட்டும் ரொம்பக் குறைக்கக் கூடாது. பத்து கிலோமீட்டருக்கு அப்பால் வரும் எதிரி திரையில் ஒரு புள்ளிதான். ரெசல்யூஷன் குறைந்தால் அந்தப் புள்ளி காணாமல் போகும்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு போனில் ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் முந்தின திரைக்குப் போகும் வசதி இருக்கிறதல்லவா, த்ராட்டில் பெரும்பாலும் அதே ஓரத்தில்தான் இருக்கும். அவசரத்தில் இழுத்தால் ஆட்டத்தை விட்டே வெளியே வந்துவிடுவீர்கள். போனின் கேம் மோடில் அந்த ஓர இழுப்பைத் தடுத்து வையுங்கள், அல்லது விளையாட்டின் அமைப்பில் த்ராட்டிலை ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளுங்கள். அழைப்புகளும் அறிவிப்புகளும் திரையை மறைக்காமல் ‘தொந்தரவு செய்யாதே’ நிலையில் வைப்பது நல்லது.

தனியாக ஆடும் மிஷன்களுக்கு நெட்வொர்க் பெரிதாக வேண்டாம். மற்றவர்களோடு மோதும்போது பிங், அதாவது போனிலிருந்து சர்வருக்குச் செய்தி போய்த் திரும்பும் நேரம், 100 மில்லிவிநாடிக்குக் கீழே இருக்கட்டும், அதைவிட முக்கியம் அது ஏறி இறங்காமல் இருப்பது. 90-லேயே நிற்கும் பிங் பழகிவிடும். 40-க்கும் 250-க்கும் நடுவே ஆடுகிற பிங்கில் எதிரி இடம்விட்டு இடம் தாவுவான், குறிவைக்கவே முடியாது. கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் இதுதான் நடக்கும், போன் ஒரு டவரை விட்டு அடுத்ததைப் பிடித்துக்கொண்டே போகும். பஸ்ஸில் தனி மிஷன் ஆடுங்கள்.

கட்டுப்பாடு

போனைச் சாய்த்து ஓட்டும் டில்ட் முறை, கட்டைவிரலால் ஓட்டும் திரை ஜாய்ஸ்டிக் முறை என இரண்டு இருக்கும். டில்ட் தொடக்கத்தில் சுகமாகத் தெரியும். ஆனால் அதை இயக்கும் சென்சாருக்குப் புவியீர்ப்பையும் வண்டியின் ஆட்டத்தையும் பிரித்தறியத் தெரியாது. பஸ் போகும் வழியில் முள்ளோடைக்குப் பக்கத்தில் டிரைவர் பிரேக் போட்டால் உங்கள் விமானத்தின் மூக்கும் ஆடும். வீட்டில் படுத்துக்கொண்டு ஆடினால் ஒவ்வொரு முறையும் டில்ட்டை அந்த நிலைக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். கப்பலில் இறங்க நுண்ணிய அசைவு தேவை, அதற்கு ஜாய்ஸ்டிக்தான் சரி.

விமான ஜாய்ஸ்டிக்கின் இயல்பு, பின்னால் இழுத்தால் மூக்கு மேலே, முன்னால் தள்ளினால் கீழே. சில விளையாட்டுகள் இதைத் தலைகீழாக வைத்திருக்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிறகு மாற்றவே மாற்றாதீர்கள். கை மறந்துபோகும் நேரம் எப்போதும் கடல்மட்டத்துக்கு 50 அடி மேலே இருக்கும்போதாகத்தான் இருக்கும்.

உணர்திறனை மூக்கு ஏற்ற இறக்கத்துக்கு 40–50 சதவீதத்திலும், பக்கவாட்டு உருளலுக்கு 60–70 சதவீதத்திலும் தொடங்குங்கள். ஜாய்ஸ்டிக்கின் நடுவில் அசைவைக் கண்டுகொள்ளாத சிறு பகுதியை 5 சதவீதம் வையுங்கள். சோதிக்க ஒரு வழி: 2,000 அடியில் நேராகப் பறந்து, கட்டைவிரலை லேசாக வைத்தபடி பத்து விநாடி சும்மா இருங்கள். உயரம் 100 அடிக்கு மேல் மாறினால் அந்த நடுப்பகுதியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

பெரும்பாலான விளையாட்டுகளில் எளிய முறை, நிஜ முறை என இரண்டு ஓட்டும் விதம் இருக்கும். எளிய முறையில் இடப்பக்கம் தள்ளினால் விமானம் தானே சாய்ந்து, தானே திரும்பி, விட்டதும் தானே நிமிரும். ஒரு நாள் அதில் ஆடிப் பாருங்கள், மறுநாள் நிஜ முறைக்கு வந்துவிடுங்கள். எளிய முறை சாயும் கோணத்துக்கு ஒரு வரம்பு போட்டு வைப்பதால் சண்டையில் வட்டத்தைச் சுருக்க முடியாது. நிஜ முறையில் முதலில் உருட்ட வேண்டும், பிறகு இழுக்க வேண்டும். வலப்பக்கம் திரும்ப வேண்டுமா, வலப்பக்கம் 60–70 டிகிரி சாய்த்துவிட்டு ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுங்கள்.

திரையில் தெரியும் எண்களில் வேகம் நாட் கணக்கில் இருக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். உயரம் அடியில். இவற்றோடு இரண்டு சிறகு முளைத்த சின்ன வட்டம் ஒன்று மிதந்துகொண்டிருக்கும். விமானம் உண்மையில் எங்கே போய்ச் சேரும் என்பதைக் காட்டுவது அந்த வட்டம். மூக்கு பார்க்கும் திசை வேறு, விமானம் போகும் திசை வேறு. மெதுவாகப் பறக்கும்போது மூக்கு வானத்தைப் பார்த்திருக்க, வட்டம் கடலுக்குள் இருக்கும். மூக்கை நம்பியவர் தண்ணீரில் போவார். இறங்கும்போது கண் இருக்க வேண்டிய இடம் அந்த வட்டம்.

கிளம்புவது

இது எளிது. கேடபல்ட் (விமானத்தை இழுத்து வீசி ஏவும் கருவி) உள்ள கப்பலில் ஃபிளாப்பை (குறைந்த வேகத்தில் கூடுதல் தூக்கு தரும் சிறகு மடல்) இறக்குங்கள், த்ராட்டிலை முழுக்க ஏற்றுங்கள், ஏவும் பொத்தானை அழுத்துங்கள், ஜாய்ஸ்டிக்கைத் தொடாதீர்கள். நிஜத்தில் எஃப்-18 ஓட்டுபவர்களும் ஏவும் கணத்தில் கையை ஸ்டிக்கிலிருந்து எடுத்து மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்கள். டெக்கை (கப்பலின் மேல்தளம்) தாண்டியதும் அவசரப்பட்டு இழுத்தால் வேகம் செத்து விமானம் கடலில் உட்காரும்.

நம் ஐஎன்எஸ் விக்ரமாதித்யா, 2022 செப்டம்பர் 2-ல் கொச்சியில் படையில் சேர்ந்த ஐஎன்எஸ் விக்ராந்த் இரண்டிலும் கேடபல்ட் கிடையாது. முன்பக்கம் சறுக்குமரத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும், விக்ராந்தில் சுமார் 14 டிகிரி. விளையாட்டில் மிக்-29கே கிடைத்தால் அதில்தான் கிளம்புவீர்கள். பிரேக்கைப் பிடித்தபடி இன்ஜின் முழு வேகத்துக்கு வந்து ஆஃப்டர்பர்னர் (இன்ஜினுக்குக் கூடுதல் உந்து தரும் பின்னெரிப்பு) எரியும்வரை காத்திருந்து விடுங்கள். வளைவைத் தாண்டியபின் மூக்கை 10–12 டிகிரியிலேயே நிறுத்துங்கள். ஒன்றிரண்டு விநாடி விமானம் தொங்குவது போலத் தெரியும், பிறகு வேகம் பிடித்துக்கொள்ளும். குண்டுகளை முழுக்க ஏற்றிக்கொண்டு இந்த வளைவிலிருந்து கிளம்புவது கடினம். முதல் வாரம் பாதிச் சுமை போதும்.

இறங்குவது

முதலில் ஒரு கணக்கு. இறங்கும் வேகம் 140 நாட், அதாவது மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர். கடைசி முக்கால் கடல்மைலைக் கடக்க ஏறக்குறைய 20 விநாடி ஆகும். கப்பல் 25 நாட்டில் ஓடினால் அந்த 20 விநாடியில் 257 மீட்டர் முன்னே போயிருக்கும். விக்ராந்தின் மொத்த நீளமே 262 மீட்டர்தான். கப்பல் இப்போது இருக்கும் இடத்தைக் குறிவைத்தால் அது போனபிறகு கிடக்கும் வெள்ளை நுரையில்தான் இறங்குவீர்கள். ஆகவே சிறகு வட்டத்தைச் சக்கரம் தொட வேண்டிய இடத்தில் வைக்காமல், அதற்குக் கொஞ்சம் முன்னே, இறங்கு பாதை முடியும் முனைப் பக்கம் வையுங்கள்.

இன்னொரு சூட்சுமம். இறங்கு பாதை கப்பலின் நடுக்கோட்டோடு போகாது, இடப்பக்கமாகச் சுமார் 9 டிகிரி திரும்பியிருக்கும். கப்பலோ தன் நடுக்கோட்டில் ஓடுகிறது. விளைவு, நீங்கள் நேராக வந்துகொண்டிருக்கும்போதே பாதை மெல்ல மெல்ல வலப்பக்கம் நகரும். ஒரு முறை சரிசெய்தால் தீராது, சின்னச் சின்னதாக வலப்பக்கம் தட்டிக்கொண்டே வர வேண்டும். முகத்துவாரத்துக்குள் படகைக் கொண்டுவரும் மீனவர் கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு வருவார் இல்லையா, அதே பழக்கம் இங்கேயும் உதவும். டெக்கின் நடுக்கோடும், பின்பக்கச் சுவரில் செங்குத்தாகத் தொங்கும் விளக்கு வரிசையும் ஒரே நேர்க்கோடாகத் தெரிந்தால் நேராக வருகிறீர்கள். கோடு முறிந்து தெரிந்தால் விலகிவிட்டீர்கள்.

உயரத்துக்கு ஒரு வாய்ப்பாடு: ஒரு கடல்மைலுக்கு 300 அடி (இங்கே மைல் என்பதெல்லாம் கடல்மைல்தான்). கப்பல் 3 மைலில் இருந்தால் 900 அடி, 2 மைலில் 600, 1 மைலில் 300. இது ஏறக்குறைய 3 டிகிரிச் சரிவு. அப்போது இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 700 அடியை ஒட்டி இருக்கும்.

5 மைல் தள்ளி, கப்பலின் நேர் பின்னால், 1,200 அடியில் தொடங்குங்கள். த்ராட்டிலைக் குறைத்து 250 நாட்டுக்கு வாருங்கள். சக்கரம், ஃபிளாப், ஹூக் மூன்றையும் இறக்குங்கள். டெக்கின் குறுக்கே கட்டியிருக்கும் கம்பியை மாட்டி விமானத்தை நிறுத்துவது வாலிலுள்ள இந்த ஹூக்தான். ஹூக்கை மறப்பதுதான் புதியவர் செய்யும் பெரிய தவறு. மற்ற எல்லாம் சரியாக இருந்தும் விமானம் கம்பிகளின் மேல் ஓடி மறுமுனையில் கடலில் விழும். 4 மைலுக்குள் 140 நாட்டுக்கு வந்துவிடுங்கள். 3 மைலில் 900 அடிக்கு இறங்கி வந்து, அங்கிருந்து சரிவைத் தொடங்குங்கள்.

இப்போது கையின் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். சாதாரணமாக உயரத்துக்கு ஜாய்ஸ்டிக், வேகத்துக்கு த்ராட்டில். கப்பலை நெருங்கும்போது நேர்மாறு. மூக்கின் கோணத்தை ஒரே இடத்தில் நிறுத்தி வேகத்தைக் காப்பாற்றுங்கள், ஏறுவதையும் இறங்குவதையும் த்ராட்டில் பார்த்துக்கொள்ளட்டும். தாழ்ந்துவிட்டீர்களா, த்ராட்டிலை ஒரு சிட்டிகை ஏற்றுங்கள். மூக்கைத் தூக்கினால் ஒரு விநாடி ஏறுவது போலத் தோன்றும், பிறகு வேகம் குறைந்து இன்னும் தாழ்வீர்கள்.

டெக்கின் இடப்பக்கம் விளக்குத் தொகுதி இருக்கும். இரண்டு பக்கமும் பச்சை விளக்கு வரிசை, நடுவில் ஒரு மஞ்சள் பந்து. பந்து பச்சைக் கோட்டுக்கு மேலே இருந்தால் நீங்கள் உயரம், கீழே இருந்தால் தாழ்வு, சிவப்பாகிவிட்டால் ஆபத்து. சிவப்பு விளக்குகள் மின்னத் தொடங்கினால் அந்த முயற்சியைக் கைவிட்டு முழு த்ராட்டிலில் ஏறிவிட வேண்டும். கடைசி முக்கால் மைலில் கண் மூன்று இடத்தில் மட்டும் சுழலட்டும்: பந்து, நடுக்கோடு, வேகம். திரும்பத் திரும்ப இதே வரிசை.

விமான நிலையத்தில் இறங்கிப் பழகியவர் தரை நெருங்கியதும் மூக்கைத் தூக்கி மெல்ல உட்காரப் பார்ப்பார். கப்பலில் அதைச் செய்யக் கூடாது. தூக்கினால் ஹூக் கம்பிகளுக்கு மேலே மிதந்து போய்விடும். அதே சரிவில், அதே வேகத்தில் டெக்கில் மோதுங்கள். சக்கரங்கள் அதற்காகத்தான் அவ்வளவு கனமாகச் செய்யப்பட்டிருக்கின்றன. மோதிய அதே நொடியில் த்ராட்டிலை முழுக்க ஏற்றுங்கள். நிற்க வேண்டிய நேரத்தில் எதற்கு முழு வேகம் என்று கேட்கத் தோன்றும். கம்பி மாட்டியிருந்தால் அது இன்ஜினையும் மீறி நிறுத்திவிடும். மாட்டாவிட்டால் மறுபடி பறக்க அந்த வேகம் மட்டுமே மிச்சம். நின்றது உறுதியானபின் குறையுங்கள்.

அமெரிக்காவின் நிமிட்ஸ் வகைக் கப்பல்களில் பெரும்பாலானவற்றில் 4 கம்பிகள், குறி மூன்றாவது கம்பி. விக்ராந்தில் 3 கம்பிகள், குறி நடுவில் உள்ளது. தொடர்ந்து முதல் கம்பியில் மாட்டினால் தாழ்வாக வருகிறீர்கள், இன்னும் ஐந்து அடி தாழ்ந்தால் கப்பலின் பின்சுவரில் மோதுவீர்கள். எப்போதும் கம்பியைத் தவறவிட்டால் கடைசி இரண்டு விநாடியில் மூக்கைத் தூக்கும் பழக்கம் இருக்கிறது. இடம் வலமாக ஆடிக்கொண்டே வந்தால் உணர்திறன் அதிகம், அல்லது நீங்கள் 2 மைலுக்குள் வந்தபிறகுதான் நேராக்கத் தொடங்குகிறீர்கள்.

நேராக வந்து பத்து முறை தொடர்ந்து கம்பியைப் பிடித்தபின் வட்டமடித்து வரும் முறைக்குப் போகலாம். கப்பலின் மேல் 800 அடியில் அதே திசையில் கடந்து, இடப்பக்கம் திரும்பி, எதிர்த்திசையில் 600 அடியில் வாருங்கள். கப்பலுக்கும் உங்களுக்கும் பக்கவாட்டில் ஒன்றேகால் மைல் இடைவெளி இருக்கட்டும். கப்பலின் பின்முனை உங்கள் தோளுக்கு நேராக வந்ததும் இடப்பக்கம் திரும்பத் தொடங்குங்கள். பாதி திரும்பும்போது 450 அடி. நிமிரும்போது முக்கால் மைல் தொலைவில் பந்து கண்ணில் பட வேண்டும்.

நம் கடற்படைக்கான தேஜஸ் 2020 ஜனவரி 11-ல் விக்ரமாதித்யாவில் முதல்முறையாகக் கம்பியைப் பிடித்து இறங்கியது. ஓடி வந்த விமானத்தை அந்தக் கம்பி எவ்வளவு குறுகிய தூரத்தில் இழுத்து நிறுத்தியது என்று அந்தக் காணொளியில் கவனித்துப் பாருங்கள். எத்தனை விளக்கத்தாலும் அது புரியாது.

வானில் சண்டை

1783 ஜூன் 20-ல் கடலூருக்கு எதிரே கடலில் சுஃப்ரேனின் 15 பிரெஞ்சுப் போர்க்கப்பல்களும் ஹியூஸின் 18 ஆங்கிலக் கப்பல்களும் மோதின. அன்று மேல்காற்று வீசியது, காற்று வரும் பக்கத்தைப் பிடித்தவர் சுஃப்ரேன். எப்போது நெருங்குவது, எப்போது விலகுவது என்பது அவர் கையில் இருந்தது. எண்ணிக்கையில் அதிகமாக இருந்த ஹியூஸ் கடைசியில் சென்னைக்குத் திரும்பினார். விமானச் சண்டையில் அந்தக் காற்றுப் பக்கத்தின் வேலையைச் செய்வது உயரம். எதிரியைவிட 3,000 அடி மேலே இருப்பவர் கீழே பாய்ந்தால் அது வேகமாக மாறும், மறுபடி ஏறினால் உயரமாகத் திரும்பக் கிடைக்கும். ஆட்டம் தொடங்கியதும் எதிரியை நோக்கி நேராகப் பாயாமல் ஒரு நிமிடம் ஏறுவதற்குச் செலவிடுங்கள்.

திரும்பும்போது முழு வேகத்தில் இருப்பது பலரும் செய்யும் பிழை. அதே இழுவிசையில் வேகம் இரட்டித்தால் வட்டத்தின் ஆரம் நாலு மடங்காகும். பல ஜெட்களுக்கு நன்றாகத் திரும்பும் வேகம் 350 முதல் 450 நாட். எதிரியின் பின்னால் 600 நாட்டில் வந்தால் அவன் உள்ளே திரும்ப நீங்கள் வெளியே பாய்ந்து அவனுக்கு முன்னால் போய்விடுவீர்கள். அப்போது த்ராட்டிலைச் சும்மா குறைப்பதைவிட, மூக்கை மேலே தூக்கி உயரத்தில் வேகத்தைக் கரைத்துவிட்டு, தலைகீழாகச் சாய்ந்து அவன் வட்டத்துக்குள் இறங்குங்கள். வேகம் வீணாகாது, உயரமாக இருக்கும்.

மிசைல் எதிரியைக் குறியில் பூட்டியதைச் சொல்லும் லாக் சத்தம் கேட்டதுமே அழுத்தாதீர்கள். எல்லைத் தொலைவிலிருந்து விட்டால் எதிரி ஒரு திருப்பம் போட்டதும் ஏவுகணை வேகமிழந்து கீழே விழும். திரை காட்டும் அதிகபட்சத் தொலைவில் பாதிக்குள் வந்தபின் விடுங்கள். வெப்பம் தேடும் ஏவுகணை எதிரியின் பின்பக்கம் இருந்து விட்டால் கூடுதல் நம்பகமானது. உங்கள் மேல் ஏவுகணை வந்தால், லாக் எச்சரிக்கை வேறு, ஏவிய எச்சரிக்கை வேறு என்பதைச் சத்தத்தில் பிரித்தறியுங்கள். முதல் சத்தத்துக்கே ஃப்ளேரை (ஏவுகணையை ஏமாற்ற விடும் தீப்பந்து) கொட்டிவிட்டால் இரண்டாவது வரும்போது கை வெறுமை. ஏவியது தெரிந்ததும் அது உங்கள் தோள்பட்டைக்கு நேராக வரும்படி திரும்பி, ஆஃப்டர்பர்னரை அணைத்து, ஃப்ளேரை விட்டு, உடனே வேறு திசைக்கு இழுங்கள். நேராகப் பறந்தபடி ஃப்ளேர் விட்டால் பயன் குறைவு.

கப்பலைத் தாக்குவது

போர்க்கப்பலின் ரேடார் பூமியின் வளைவுக்குக் கீழே பார்க்காது. ரேடார் கடலுக்கு 64 அடி மேலே இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் 10,000 அடியில் வந்தால் 130 கடல்மைலுக்கு மேலிருந்தே அது உங்களைக் காணலாம், 100 அடியில் வந்தால் 22 மைல் வரைதான். இதைக் கணக்கில் எடுக்கும் விளையாட்டுகளில் தாழப் பறந்து வந்து, ஏவுகணையின் எல்லைக்குள் நுழைந்ததும் சற்று எழும்பி லாக் செய்து விட்டுவிட்டு மறுபடி தாழ்ந்து திரும்புங்கள். தாழப் பறக்கும்போது கூர்மையாகத் திரும்பக் கூடாது என்று நினைவிருக்கட்டும். 60 டிகிரி சாய்ந்தால் சிறகின் மேல்நோக்கிய தூக்கு பாதியாகிவிடும், 100 அடி என்பது கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும்.

இரண்டாம் உலகப் போர் விமானங்கள் உள்ள விளையாட்டில் டார்பிடோதான் சுவாரசியம். 100 அடிக்குக் கீழே, மெதுவாக, ஆடாமல் வந்து போட வேண்டும். வேகமாகவோ உயரத்திலிருந்தோ போட்டால் தண்ணீரில் மோதியதிலேயே பழுதாகும். குறிவைக்கும் கணக்கைப் பாருங்கள். டார்பிடோ 33 நாட்டில் ஓடினால் விநாடிக்கு 17 மீட்டர். 800 மீட்டரிலிருந்து விட்டால் போய்ச் சேர 47 விநாடி. அதற்குள் 25 நாட்டில் ஓடும் கப்பல் 600 மீட்டர் நகர்ந்திருக்கும். 200 மீட்டர் நீளக் கப்பலாக இருந்தால் மூன்று கப்பல் நீளம். கப்பலின் நடுப்பகுதியிலிருந்து அவ்வளவு முன்னே தள்ளிக் குறிவைக்க வேண்டும். ரொம்ப நெருங்கிப் போட்டாலும் சரிவராது, குறிப்பிட்ட தூரம் ஓடிய பிறகுதான் டார்பிடோ வெடிக்கும் நிலைக்கு வரும். இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் அணியத்தின் (கப்பலின் முன்முனை) இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் வாருங்கள். கப்பல் ஒருவரின் டார்பிடோவைத் தவிர்க்கத் திரும்பினால் மற்றவருக்கு முழு விலாவையும் காட்டும்.

குண்டு போடும் விமானமானால் 10,000 அடியிலிருந்து 60–70 டிகிரியில் பாய்ந்து, 2,000 அடியில் குண்டை விட்டு, உடனே இழுங்கள். கப்பலின் குறுக்கே பாயாதீர்கள், நீளவாக்கில் பாயுங்கள். குறி முன்பின்னாகத் தவறினாலும் டெக்கில் எங்காவது விழும்.

அடிபட்டுத் திரும்பும்போது

சண்டைக்கு முன்பே திரும்பும் எரிபொருள் எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள். கப்பல் வரை போகத் தேவையானதோடு இரண்டு முறை சுற்றி வரவும் வேண்டும், முதல் முயற்சியில் கம்பி மாட்டும் என்று எந்த உறுதியும் இல்லை. மிச்சக் குண்டுகளையும் காலியான வெளி டாங்குகளையும் கடலில் போட்டுவிட்டு வாருங்கள். எடை குறைந்தால் இறங்கும் வேகமும் குறையும்.

ஒரு இன்ஜின் நின்றுபோனால் ஓடும் இன்ஜின் மூக்கை மறுபக்கம் தள்ளும். ரடரை (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை) ஓடும் இன்ஜின் பக்கமாகக் கொஞ்சம் கொடுத்து நேராக்குங்கள், அந்த நிலையில் கூர்மையான திருப்பம் வேண்டாம். ஃபிளாப் இறங்காவிட்டால் 15 நாட் கூட்டி வாருங்கள். ஹூக் உடைந்திருந்தால் கப்பலை நெருங்கவே வேண்டாம். வரைபடத்தில் கரையில் ஓடுபாதை இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அங்கே போங்கள். அதுவும் இல்லையென்றால் கப்பலுக்குப் பக்கத்தில் 2,000 அடியில் நேராகப் பறந்தபடி இஜெக்ட் பொத்தானை அழுத்துங்கள். விமானி பிழைத்தால் பல விளையாட்டுகளில் அவர் சேர்த்த அனுபவப் புள்ளி அப்படியே இருக்கும்.